அரோனியன் – ஆனந்த், விக் ஆன் ஸே 2013: பாராட்டு யாருக்கு?

டீக்கடைப்பலகை (யாங்கோன்) – ஞாயிறு, மாலை 6:10

2013 ஜனவரி, நெதர்லாந்தில் விக் ஆன் ஸே என்ற கடலோர ஊர், டாட்டா ஸ்டீல் போட்டியின் நாலாவது சுற்று. வெள்ளைக்காய் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன், அப்போது அவருக்கு 2802 தரப்புள்ளி. கறுப்புக்காய் நம் விஸ்வநாதன் ஆனந்த், அன்றைய உலக சாம்பியன். 23 நகர்வில் கறுப்பு ஜெயித்தது. ஆனந்த் ஆடியதிலேயே அழகானது இதுதான் என்று பலர் சொல்கிறார்கள்.

ஆட்டம் அழகு என்பதில் எனக்கும் தகராறு இல்லை. ஆனால் முந்தின வருடம் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுக்கு எதிராக உலகப் பட்டத்துக்கு ஆடியபோது தயாரித்து வைத்த யோசனை இது என்று ஆனந்தே சொல்லியிருக்கிறார். கெல்ஃபாண்ட் அந்த வழிக்கு வரவில்லை. பெட்டியில் கிடந்தது, அரோனியன் வந்து மாட்டிக்கொண்டார். நிலையைக் கம்ப்யூட்டரில் போட்டு, நாலு கிராண்ட்மாஸ்டர்கள் சுற்றி உட்கார்ந்து கண்டுபிடித்ததை ஞாபகம் வைத்து ஆடினால் அதைக் கலை என்று சொல்லலாமா? டீக்கடையில் இதைக் கேட்டதற்கு என்னை அடிக்காத குறை. இங்கே நிதானமாகப் பேசலாம் என்று கொண்டு வந்திருக்கிறேன்.

நடத்துநர் – ஞாயிறு, மாலை 6:25

பேசும் முன் நகர்வுகளைப் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு பலகையில் நிற்போம். கு என்றால் குதிரை, ம என்றால் மந்திரி, கோ என்றால் கோட்டை. ராணியையும் ராஜாவையும் முழுசாகவே எழுதுகிறேன். டி4 என்றால் டி வரிசையின் நாலாவது கட்டம்; முன்னால் காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய்; × என்றால் எதிர்க்காயை எடுப்பது; அடைப்புக்குறிக்குள் இருப்பது காய் எந்த வரிசையிலிருந்து வருகிறது என்பது. தயவுசெய்து யாரும் கோட்டையை யானை என்று எழுத வேண்டாம். போன தடவை அதனால் வந்த குழப்பம் போதும்.

1.டி4 டி5 2.சி4 சி6 3.கு-எஃப்3 கு-எஃப்6 4.கு-சி3 இ6 5.இ3 கு(பி)-டி7 6.ம-டி3 டி×சி4 7.ம×சி4 பி5 8.ம-டி3 ம-டி6 9.இருவரும் ராஜா பக்கம் கோட்டை கட்டுகிறார்கள் 10.ராணி-சி2 ம-பி7 11.ஏ3 கோ-சி8 12.கு-ஜி5 சி5 13.கு×எச்7 கு-ஜி4 14.எஃப்4 சி×டி4 15.இ×டி4 ம-சி5 16.ம-இ2 கு(டி)-இ5 17.ம×ஜி4 ம×டி4 செக் 18.ராஜா-எச்1 கு×ஜி4 19.கு×எஃப்8 எஃப்5 20.கு-ஜி6 ராணி-எஃப்6 21.எச்3 ராணி×ஜி6 22.ராணி-இ2 ராணி-எச்5 23.ராணி-டி3 ம-இ3. வெள்ளை ஆட்டத்தைக் கொடுத்துவிட்டது.

தன்லியின் தம்பி – ஞாயிறு, இரவு 7:02

அண்ணே, ஆரம்பத்திலேயே ஒரு சந்தேகம். 13-இல் வெள்ளைக் குதிரை எச்7 சிப்பாயைத் தின்றுவிட்டு ராஜா பக்கத்திலேயே நிற்கிறது. எடுத்துப் போட்டால் என்ன? ஏன் அதைக் கண்டுகொள்ளாமல் தன் குதிரையை ஜி4-க்கு அனுப்புகிறார்?

பகோ அக்கா – ஞாயிறு, இரவு 7:20

தம்பி, ராஜாவால் எடுக்க முடியாது. டி3-இல் நிற்கும் வெள்ளை மந்திரியின் பார்வை எச்7 வரை நேராக வருகிறது. குதிரையால் எடுத்தால் அதே மந்திரி செக் சொல்லிக்கொண்டே திருப்பி எடுக்கும். வெள்ளைக்குச் சும்மா ஒரு சிப்பாய் லாபம், கறுப்பு ராஜாவின் முன்வாசலும் திறந்துவிடும்.

ஆனந்த் பார்த்தது வேறு. வெள்ளைக் குதிரை எச்7-க்குப் போனதால் அதன் சொந்த ராஜா பக்கத்தில் காவல் குறைந்துவிட்டது. எஃப்3-இல் இருந்தவரை எச்2-ஐயும் எச்4-ஐயும் பார்த்துக்கொண்டிருந்த குதிரை அது. இப்போது கறுப்புக் குதிரை ஜி4, கறுப்பு மந்திரி டி6, இரண்டும் எச்2-ஐக் குறி வைக்கின்றன. ராணி எச்4-க்கு வந்தால் கதை முடியும். வெள்ளை ஆசைப்பட்டு உடனே எஃப்8 கோட்டையை எடுத்தால் மந்திரி எச்2-இல் செக், ராஜா எச்1, ராணி எச்4. அப்புறம் மந்திரி ஜி3-க்கு விலகினால் ராணியின் செக் திறக்கும், ராஜா ஜி1-க்கு ஓடினால் ராணி எச்2-இல் மேட். அரோனியன் இதையெல்லாம் பார்க்காதவர் இல்லை. அதனால்தான் 14.எஃப்4 ஆடி டி6 மந்திரியின் வழியை அடைத்தார்.

ஆனால் அந்த ஒரு நகர்வு வேறொரு கதவைத் திறந்துவிட்டது. எஃப் சிப்பாய் நகர்ந்ததும் ஏ7-இலிருந்து ஜி1 வரை போகும் மூலைக்கோட்டில் எஃப்2 காலி. ஆனந்த் டி4-இல் சிப்பாய்களை மாற்றிவிட்டு மந்திரியை அப்படியே சி5-க்கு நகர்த்துகிறார். அடைத்த வழியை விட்டுத் திறந்த வழிக்கு மாறிக்கொண்டார். அந்த மந்திரியை டி4 சிப்பாய் எடுக்கலாம், காவலுக்கு இருப்பவை டி7 குதிரையும் சி8 கோட்டையும். எடுத்தால் அந்தக் குதிரை சி5-இல் திருப்பி எடுத்து டி3 மந்திரியைத் தாக்கும், டி வரிசை திறந்து ராணியும் அதே மந்திரியை முறைக்கும், டி4-இல் செக் சொல்லவும் காத்திருக்கும். அரோனியன் எடுக்கவில்லை.

மௌலமியைன்காரன் – ஞாயிறு, இரவு 7:41

அக்கா சொன்னது சரி, ஆனால் விருந்தே 16-இல்தான். வெள்ளை மந்திரி இ2-க்கு வந்து ஜி4 குதிரையைத் தாக்குகிறது. எஃப்8 கோட்டை ஏற்கெனவே குதிரை வாயில். சி5 மந்திரி டி4 சிப்பாயின் வாயில். இந்த நிலையில் ஆனந்த் அந்த மந்திரிக்குக் காவலாக இருந்த குதிரையையும் டி7-இலிருந்து எடுத்து இ5-இல் வைக்கிறார். அங்கே அதை எடுக்க இரண்டு சிப்பாய்கள் தயார். நாலு காய், எல்லாம் வாயில். நம் ஊரில் ஒருவன் இப்படி ஆடினால் 'தம்பி, காயைப் பார்த்து ஆடு' என்போம்.

எஃப் சிப்பாயால் எடுத்தால் என்ன ஆகும் என்று வைத்துப் பாருங்கள். ராணி டி4-ஐ எடுத்து செக். ராஜா எச்1. ராணி ஜி1-இல் போய் உட்கார்ந்து செக், கோட்டையால் எடுத்தே ஆகவேண்டும். அப்புறம் குதிரை எஃப்2-இல் மேட். ராஜாவைச் சுற்றி அவருடைய ஆட்களே நின்று வழியை அடைத்திருக்கிறார்கள். நான் இதைப் பலகையில் வைத்துக் காட்டினால் செஸ் தெரியாதவர்கள்கூடச் சிரிக்கிறார்கள். ராணியைத் தூக்கிக் கொடுப்பது எப்போதும் எடுபடும்.

இதில் வேடிக்கை, ஆட்டத்தில் இது எதுவும் நடக்கவே இல்லை. அரோனியன் பார்த்துவிட்டார், விலகிப் போனார். பலகையில் வராத நகர்வுகள்தான் இந்த ஆட்டத்தின் பாதி.

டீக்கடைப்பலகை – ஞாயிறு, இரவு 8:05

இதைத்தான் நானும் சொல்கிறேன். இதையெல்லாம் அரோனியன் பலகையில் உட்கார்ந்து, கடிகாரம் ஓட ஓட, தனியாகக் கண்டுபிடித்து விலகிப் போனார். எதிரில் இருந்தவருக்கு இது மாதக்கணக்கில் தெரிந்த பாடம். அன்று உண்மையில் யோசித்தவர் யார்?

2012-இல் ஆனந்துக்கு உதவியவர்கள் பெயரும் எல்லோருக்கும் தெரியும். பீட்டர் ஹைனே நீல்சன், ரஸ்தம் காசிம்ஜானோவ், ரடோஸ்லாவ் வோய்டாஷெக், சூர்ய சேகர் கங்குலி. காசிம்ஜானோவ் 2004-இல் ஃபிடே (உலகச் செஸ் சங்கம்) உலகப் பட்டம் வென்ற ஆள். இத்தனை மூளை ஒரு பக்கம், மறுபக்கம் ஒரே ஒரு அரோனியன்.

வியாசர்பாடி (சென்னை) – ஞாயிறு, இரவு 8:30

வணக்கம். எங்கள் குடும்பம் 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தது, நான் இங்கே பிறந்தவன். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அரோனியனுக்கும் ஆட்கள் உண்டு, அவரிடமும் கம்ப்யூட்டர் உண்டு. அவரை ஏதோ தனியாக மாட்டிக்கொண்ட பையன் மாதிரிச் சொல்லாதீர்கள் அண்ணே. ஆர்மீனியா முப்பது லட்சம் பேர் உள்ள நாடு. ஆனால் 2006, 2008, 2012 என்று மூன்று செஸ் ஒலிம்பியாட் தங்கம் அவர்களிடம் இருக்கிறது, மூன்றிலும் முதல் பலகை அரோனியன்தான். 2011-இலிருந்து அங்கே ஆரம்பப் பள்ளியில் செஸ் கட்டாயப் பாடம். தயாரிப்பு என்றால் என்ன என்பதை அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. 12.கு-ஜி5 ஆடி இந்தச் சண்டைக்கு அழைத்ததே அரோனியன். வேண்டாம் என்றால் அமைதியாக ஆடியிருக்கலாம்.

பகோ அக்கா – ஞாயிறு, இரவு 8:44

வியாசர்பாடி தம்பி, அங்கே அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) இன்னும் நன்றாகக் கிடைக்கிறதா? இங்கே நாங்கள் சாப்பிடுவதைவிட உங்கள் பீச் ரோட்டில் விற்பது காரம் என்று கேள்வி.

வியாசர்பாடி – ஞாயிறு, இரவு 8:50

காரம்தான் அக்கா. கூடவே வாழைத்தண்டு சூப்பும் தருவார்கள். அதைத் தனி இழையில் பேசுவோம், நடத்துநர் திட்டுவார்.

சிட்டுயின் தாத்தா (தாட்டோன்) – திங்கள், காலை 5:35

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். நான் பழைய ஆள். எனக்கு முதலில் தெரிந்தது பர்மிய சிட்டுயின்தான், பிறகுதான் இந்த வெள்ளைக்காரச் செஸ். டீக்கடைப்பலகை கேட்ட கேள்விக்குச் சிட்டுயின் ஆடினவனுக்கு ஒரு பதில் தோன்றுகிறது.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சிட்டுயினிலும் எட்டுக்கு எட்டு கட்டம்தான். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது காலாட்கள் மட்டுமே பலகையில் நிற்பார்கள், பாதிப் பேர் மூன்றாம் வரிசையில், பாதிப் பேர் நாலாம் வரிசையில். ராஜா, தளபதி, யானை, குதிரை, தேர் எல்லாம் கையில் இருக்கும். அவரவர் இஷ்டத்துக்குக் காலாட்களின் பின்னால் அடுக்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் அடுக்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தவர் அடுக்குவார். அடுக்குவதிலேயே பாதி ஆட்டம் தெரிந்துவிடும்.

தளபதி மூலைவாக்கில் ஒரு கட்டம்தான் போவார். யானை மூலைவாக்கில் ஒரு கட்டம், இல்லாவிட்டால் நேராக முன்னால் ஒரு கட்டம். தூரத்திலிருந்து பாய்ந்து அடிப்பது தேர் ஒன்றுதான். அதனால் நீங்கள் எல்லோரும் புகழும் இந்த ஆட்டம் சிட்டுயினில் பிறக்கவே முடியாது. இதில் வேலை செய்வது இரண்டு கறுப்பு மந்திரிகள். ஒன்று பி7-இல் உட்கார்ந்து பலகையின் மறுமூலையில் இருக்கும் எச்1-ஐப் பார்க்கிறது. இன்னொன்று சி5-இலிருந்தும் டி4-இலிருந்தும் ஜி1-ஐப் பார்க்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கோடுகள். ராஜா ஜி1-இல் நின்றால் ஒன்று சுடுகிறது, எச்1-க்குப் போனால் மற்றது.

பி7 மந்திரி 10-ஆவது நகர்வில் அங்கே வந்து உட்கார்ந்தது. ஆட்டம் முடியும்வரை நகரவே இல்லை, ஒரு காயையும் எடுக்கவும் இல்லை. கடைசியில் கொன்றது அதுதான்.

தயாரிப்பு பற்றி: சிட்டுயின்காரனுக்கு அடுக்குவதுதான் தயாரிப்பு. அவன் வீட்டில் யோசித்து வந்து அடுக்கினான் என்று யாரும் குறை சொன்னதாக நான் கேட்டதில்லை.

தன்லியின் தம்பி – திங்கள், காலை 7:15

தாத்தா, வணக்கம். 2013 டிசம்பரில் நேப்பிடோவில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் சிட்டுயினையும் சேர்த்திருந்தார்கள் இல்லையா? அப்போது நான் சின்னப் பையன், டிவியில் காட்டியது ஞாபகம் இருக்கிறது. காய்கள் சிற்பம் மாதிரி இருந்தன.

அப்புறம் ஆட்டத்துக்கு வருகிறேன். 19-இல் வெள்ளை ஒருவழியாகக் கோட்டையை எடுத்துவிட்டது. ஆனந்த் அந்தக் குதிரையைத் திருப்பி எடுக்காமல், செக்கும் சொல்லாமல், ஒரு சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளுகிறார். இது எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மௌலமியைன்காரன் – திங்கள், காலை 9:30

அந்த நகர்வுதான் எனக்குப் பிடித்தது. குதிரை எச்7-ஐ விட்டு எஃப்8-க்குப் போனதும் வெள்ளை ராணிக்கு சி2-இலிருந்து எச்7 வரை வழி திறந்துவிட்டது. அடுத்து ராணி எச்7-இல் செக் சொல்லும். எஃப்5 அந்த வழியில் போட்ட ஒரு கட்டை. ஒரே சிப்பாய், ஒரே நகர்வு, வெள்ளையின் எதிர்ப்பு முழுசாக நின்றுபோனது. எஃப்8 குதிரை எங்கும் ஓடிவிடாது, கறுப்பு ராணி எச்4-க்கு வரப்போகும் மிரட்டலும் அப்படியே நிற்கிறது.

பலி கொடுப்பதை யாரும் ரசிக்கலாம். பலி கொடுத்தபின் பதறாமல் சிப்பாயைத் தள்ளுகிறவன்தான் பெரிய ஆட்டக்காரன்.

டீக்கடைப்பலகை – திங்கள், மதியம் 12:10

எஃப்5-ஐக் கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும்.

மௌலமியைன்காரன் – திங்கள், மதியம் 12:14

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும்தான் சொல்லும். அப்போ எந்த ஆட்டத்தையும் ரசிக்க வேண்டாமா?

தன்லியின் தம்பி – திங்கள், மதியம் 1:40

20-இல் குதிரை ஜி6-க்குப் போனது தப்பா? நான் செயலியில் போட்டுப் பார்க்கவில்லை, நீங்கள் சொல்லுங்கள். அந்தக் குதிரை இ6 சிப்பாயை எடுத்திருக்கலாமே?

பகோ அக்கா – திங்கள், மாலை 4:05

கரண்ட் இப்போதுதான் வந்தது, அதனால் தாமதம்.

ஜி6-க்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது தம்பி. ஜி6-இலிருந்து குதிரை எச்4-ஐக் காக்கிறது. கறுப்பு ராணி எச்4-க்கு வரக்கூடாது, அதுதான் அரோனியனின் ஒரே கவலை. நீ சொன்னபடி இ6-ஐ எடுத்தால் எச்4-க்குக் காவல் இல்லை. ராணி அங்கே வந்து நிற்கும். எச்2-இல் மேட் மிரட்டல், குதிரையும் ராணியும் சேர்ந்து. வெள்ளை எச்3 தள்ளினால் ராணி எச்3-ஐயே எடுத்து மேட்.

'ஜி சிப்பாய் எச்3-இல் எடுக்கலாமே' என்று கேட்பாய். எடுக்க முடியாது. பி7 மந்திரி என்று தாத்தா சொன்னாரே, அது ஜி2 சிப்பாயைப் பின்னால் இருக்கும் ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்தச் சிப்பாய் விலகினால் ராஜாவுக்கு செக், விதிப்படி நகர்த்தவே கூடாது. ராஜா ஜி1-க்கும் ஓட முடியாது, டி4 மந்திரி பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதனால் ஜி6. ஆனந்த் உடனே ராணியை எஃப்6-க்கு வைத்துக் குதிரையைத் தாக்கினார். எச்4 அடைத்திருந்தால் எச்6, எச்5 இருக்கின்றனவே. அரோனியன் எச்3 தள்ள, ராணி குதிரையை எடுத்தது. இந்த இடத்தில் கணக்குப் பாருங்கள்: கறுப்பு இழந்தது ஒரு கோட்டை, பதிலுக்குக் கிடைத்தது ஒரு குதிரை. அவ்வளவுதான் பலி. சிப்பாய்கள் சமம். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் விலை அதுதான்.

சிட்டுயின் தாத்தா – திங்கள், மாலை 5:20

அக்கா நன்றாகச் சொன்னாய். கடைசி மூன்று நகர்வையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் அதை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

22-இல் வெள்ளை எச் சிப்பாயால் ஜி4 குதிரையை எடுத்தால் ராணி எச்6-இல் வந்து மேட். நடுவில் வைக்க ஒரு காய்கூட வெள்ளைக்கு வராது. அதனால் ராணியை இ2-க்குக் கொண்டுவந்தார். ஆனந்த் ராணியை எச்5-இல் வைத்தார். இப்போது எச்3 சிப்பாயும் கட்டுண்டது, அது குதிரையை எடுக்க நகர்ந்தால் ராஜாவுக்கு நேராக செக். ஆக ஜி2 ஒரு மந்திரியால் கட்டு, எச்3 ராணியால் கட்டு. ராஜாவுக்கு முன்னால் இரண்டு காவலாளிகள், இருவர் கையும் பின்னால் கட்டியிருக்கிறது.

மிச்சம் ஒரே காவல் வெள்ளை ராணி. அது டி3-க்கு வந்தது, அங்கிருந்து மூன்றாம் வரிசை வழியாக எச்3-ஐக் காக்க. கறுப்பு மந்திரி டி4-இலிருந்து இ3-க்கு ஒரு கட்டம் நகர்ந்தது. ராணியின் வரிசையில் குறுக்கே போய் நின்றுவிட்டது. ஜி1-ஐயும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்து எச்3-இல் மேட். வெள்ளை ராணி அந்த மந்திரியை எடுத்தால் குதிரை ராணியை எடுத்துவிடும். சி1 மந்திரி எடுத்தால் ராணி எச்3-இல் செக், ராஜா ஜி1, ராணி ஜி2-இல் மேட்.

ஒரு கட்டம்தான் நகர்ந்தது. அதைச் சிட்டுயின் யானைகூடப் போகும்.

வியாசர்பாடி – திங்கள், இரவு 9:00

தாத்தா, கடைசி வரிக்கு ஒரு வணக்கம்.

டீக்கடைப்பலகை அண்ணனுக்கு: இந்த யோசனை கம்ப்யூட்டரில் பிறந்தது என்கிறீர்கள். 1907-இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவி என்பவருக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டைன் கறுப்பில் ஆடிய ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் ஒரு மந்திரி பி7-இல், இன்னொன்று பி6-இலிருந்து ஜி1-ஐப் பார்க்கிறது, குதிரை ஜி4-இல், ராணி எச்4-இல், வெள்ளை ராஜா எச்1-இல். அதே படம். அன்றைக்கே ஆனந்தின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ரூபின்ஸ்டைனைத்தான் நினைத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஆனந்த் ஆடிய தொடக்கத்துக்கு மெரான் என்று பெயர். 1924-இல் இத்தாலியின் மெரானோவில் நடந்த போட்டியிலிருந்து வந்த பெயர். அங்கே கிரூன்ஃபெல்டுக்கு எதிராக அதைக் கறுப்பில் ஆடியவரும் ரூபின்ஸ்டைன்தான். தொடக்கமும் அவர் வழி, முடிவும் அவர் வழி. கம்ப்யூட்டர் எங்கே வந்தது?

டீக்கடைப்பலகை – செவ்வாய், காலை 6:50

இது புதிது. படத்தைப் பார்த்தேன், ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ரூபின்ஸ்டைன் 22-ஆவது நகர்வில் தன் ராணியைச் சிப்பாய் வாயில் விட்டுவிட்டுக் கோட்டையால் சி3-ஐ எடுத்தார். பக்கத்தில் யாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. நீங்கள் கொண்டுவந்த சாட்சி எனக்குத்தான் சாதகம்.

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ரூபின்ஸ்டைனை மனசில் வைத்திருப்பவன்தான் இப்படி ஒரு நிலையை வீட்டில் தேடிப் போவான், அது உண்மை. கம்ப்யூட்டரிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே. ஆனாலும் இந்த ஆட்டத்துக்குப் பரிசு கொடுத்தால் பாதி அந்த நாலு பேருக்குப் போகவேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

மௌலமியைன்காரன் – செவ்வாய், காலை 8:20

நாலு பேருக்கும் சம்பளம் போயிருக்கும் அண்ணே, கவலைப்படாதீர்கள்.

என் வாதம் வேறு. மாதக்கணக்கில் பழசான குறிப்பு தலையில் இருக்கிறது, எதிரில் அரோனியன் இருக்கிறார், நாலு காய் வாயில் கிடக்கிறது. ஞாபகம் ஒரு இடத்தில் சறுக்கினால் ஆட்டம் காலி. நினைவில் வைத்ததையும் நம்பி ஆடத் தைரியம் வேண்டும். அந்தப் போட்டி முடியும்போது அரோனியன் 8.5 புள்ளி, ஆனந்த் 8. நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் 13 ஆட்டத்தில் 10 புள்ளி எடுத்து ஜெயித்தார். அதே வருடம் நவம்பரில் சென்னையில் கார்ல்சனிடம் ஆனந்த் பட்டத்தையும் இழந்தார், 6.5-க்கு 3.5, ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஆக நல்ல வருடம் இல்லை அது. அப்படிப்பட்ட வருடத்தில் இந்த ஆட்டம். அதனால் எனக்கு இது இன்னும் பெரிசாகத் தெரிகிறது.

வியாசர்பாடி – செவ்வாய், காலை 8:45

அந்த நவம்பர் இந்த ஊரே துக்கம் அனுசரித்தது. நீல்சன் அதற்குள் கார்ல்சன் பக்கம் போயிருந்தார், ஆனால் பழைய முதலாளிக்கு எதிராக வேலை செய்யமாட்டேன் என்று அந்தப் போட்டியிலிருந்து மட்டும் ஒதுங்கி இருந்தார். டீக்கடைப்பலகை அண்ணன் அந்த ஆளுக்குப் பாதிப் பரிசு கேட்பது நியாயம்தான் போல.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் கறுப்பில் கடைசி ஆட்டத்தை ஜெயித்துப் பட்டத்தைக் கொண்டுவந்தார், இப்போது இங்கே தெருவுக்குத் தெரு செஸ் வகுப்பு. அந்த ஆட்டத்தில் 55-ஆவது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் கோட்டையை எஃப்2-இல் வைத்தது எந்தத் தயாரிப்பிலும் இருந்திருக்காது. அதையும் ஒரு நாள் இங்கே பிரிப்போம்.

பகோ அக்கா – செவ்வாய், மாலை 6:30

பிரிக்கலாம். ஆனால் முதலில் ரோட்லெவி – ரூபின்ஸ்டைன். என் அண்ணன் மகளுக்கு நேற்று அதைப் பலகையில் காட்டினேன். 23-இல் வெள்ளைச் சிப்பாய் கறுப்பு ராணியை எடுக்க, கறுப்பு இன்னொரு கோட்டையை டி2-இல் வைக்கிறது. வெள்ளை ராணி அதை எடுக்க, பி7 மந்திரி இ4-ஐ எடுத்து செக். ராணி ஜி2-க்கு வந்து மறைக்கிறது. அப்புறம் கோட்டை சி3-இலிருந்து எச்3. அவ்வளவுதான், வெள்ளை கையை எடுத்துவிட்டது. அவள் 'ராணி அந்த மந்திரியை எடுக்கலாமே அத்தை' என்றாள். எடுத்தால் என்ன ஆகும், தன்லியின் தம்பி சொல்லட்டும்.

தன்லியின் தம்பி – செவ்வாய், இரவு 7:55

கோட்டை எச்2-இல் சிப்பாயை எடுத்து மேட். ஜி4 குதிரை எச்2-ஐக் காக்கிறது, அதனால் ராஜா கோட்டையை எடுக்க முடியாது. ஜி1-ஐ பி6 மந்திரி பார்க்கிறது. ராணி இ4-க்குப் போய்விட்டதால் எச்2-க்குக் காவலும் இல்லை. சரியா அக்கா?

பகோ அக்கா – செவ்வாய், இரவு 8:02

சரி. எடுக்காமல் விட்டாலும் அதே மேட்தான், ராணி ஜி2-இல் கட்டுண்டு நிற்கிறது.

டீக்கடைப்பலகை – செவ்வாய், இரவு 8:20

ரூபின்ஸ்டைனுக்கு முழுப் பரிசு. ஆனந்துக்கு பாதி. இனி மாறமாட்டேன்.

நடத்துநர் – செவ்வாய், இரவு 8:31

ரோட்லெவி ஆட்டத்துக்குத் தனி இழை திறந்து முழு நகர்வுகளையும் போட்டிருக்கிறேன். தாத்தா, அங்கே முதலில் நீங்கள் எழுதுங்கள். டீக்கடைப்பலகை பரிசைப் பங்கிட வேறு யாராவது விரும்பினால் இன்னும் ஒரு நாள் இந்த இழை திறந்திருக்கும்.